உடன் வந்தவர் சொன்னது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தைத்தனுப்பிய பாவாடை கிடைத்தது. உள்தையல் இல்லாமல் தைக்க உன்னை விட்டால் ஆளில்லை. இடுப்பில் உறுத்தவே இல்லை. நூலகத்தில்தான் குழல்விளக்கின் இரைச்சல் பல்லில் இறங்குகிறது. "உனக்கு மட்டும் எப்படிம்மா கேக்குது?" என்கிறார் மேலதிகாரி. அடிவயிற்றுக்குக் கீழே அதே எரிச்சல். அரை மணி நேரம் உட்கார முடியவில்லை.

இந்த வலியை மட்டுமே பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறாராம். இருபதாம் தேதி போகிறேன். பழைய ஃபைலைக் கேட்டிருக்கிறார்.

உன் தங்கை

மார்ச் 10

செல்லத்துக்கு,

பழைய ஃபைல் எதற்கு? புது டாக்டர் புதிதாகப் பார்க்கட்டுமே. நானும் வருகிறேன். உனக்குப் பேச வராது. போனமுறையும் நான்தானே பேசினேன். "தொட்டாச்சிணுங்கி எப்படி இருக்கா?" என்று அத்தான் கேட்டார். கோபப்படாதே, பாசம்தான்.

முத்தங்களுடன்,
அக்கா

மார்ச் 14

அக்கா,

ஃபைலை வாங்கிப் படித்தேன். "உடன் வந்த அக்கா தனியாகச் சொன்னது: வலி உண்மையில்லை. கல்யாணத்தைத் தட்டிக்கழிக்க இப்படிச் சொல்கிறாள்." அதற்குப் பிறகு யாரும் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான்கு வருடமாகத் தூக்க மாத்திரைதான்.

அன்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். "எல்லாம் சொல்லிட்டேன்டி, இனி அவங்க பாத்துப்பாங்க" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த வரி பொய்யென்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இருபதுக்குள் வேண்டும்.

மார்ச் 17

கண்ணு,

எழுதித் தந்தால் நான் பொய் சொன்னது அத்தானுக்குத் தெரிந்துவிடும். அவர் தம்பிக்கு உன்னைக் கேட்டு வந்திருந்த நேரம் அது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நம்பினேன். எனக்கும் அதே எரிச்சல்தான். பதினோரு வருடம். தையல் மிஷினில் தலையணை போட்டு உட்காருகிறேன். நான் யாரிடமாவது சொன்னேனா? பொறுத்துக்கொள்ளவில்லையா? இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அக்கா

மார்ச் 21

அக்கா,

நேற்றுப் போய்வந்தேன். அந்த வரியைப் படித்துவிட்டு, "யாரும்மா இவங்க?" என்றார் டாக்டரம்மா. பிறகு பஞ்சுமுனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டார். கத்திவிட்டேன். "நரம்பு எல்லாத்தையும் பெருசாக்கிச் சொல்லுது. சத்தம் தாங்காததும் இதோட சேந்ததுதான். பொய்யில்லம்மா" என்றார்.

கிளம்பும்போது, "அக்காவுக்கும் இப்படி இருக்கா? சில வீட்டுல ரெண்டு பேருக்கும் இருக்கும். கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்" என்றார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.