தளர்வான காலுறைகள்

உன் மகன் அமெரிக்காவிலிருந்து கடைசியாக அனுப்பிய காலுறைகளை இன்று காலை அணிந்தேன். மார்கழித் தரையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. அடுக்களைக்குப் போவதற்குள் இரண்டும் கணுக்காலுக்குச் சரிந்துவிட்டன. பிடிப்பே இல்லாத பின்னல். நீ கேட்டது அப்படி.

திருப்பதிக் கல்லூரி விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்தபோது உன்னிடம் ஒரு ஜோடிதான் உண்டு. மேற்பட்டை இழுவை போய்த் தொளதொளத்ததால், என்.சி.சி. அணிவகுப்புக்கு உள்ளே ரப்பர் வளையம் மாட்டிக்கொள்வாய். மாலையில் கழற்றினால் காலைச் சுற்றிச் சிவந்த தடம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மறைந்துவிடும்.

சித்தூரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிழவிகளான பிறகு, அதே இடத்தில் மறுபடி தடம் விழுந்தது. இம்முறை பள்ளமாக. உன் காலுறையை இழுத்துப் பார்த்தேன். மிருதுவான பின்னல், குழந்தைக்குக்கூடப் போடலாம். நேற்றைய தடமோ இன்று காப்பி வேளையிலும் அப்படியே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது.

"சாக்ஸால இல்ல மே, காலு வீங்கிக்கினு கீது. டாக்டராண்ட போலாம் வா."

"எலாஸ்டிக் டைட்டு. நீ சும்மா கெட."

"உன் மவனுக்குப் போன் போடறேன்."

"போட்டின்னா என் வாசப்படி மிதிக்காத. கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டுக்கினு கீறான். பதறிக்கினு ஓடியாந்தா திரும்ப உள்ள உடுவாங்களோ இன்னாவோ."

போட்டேன். நீ கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாய்: "உங்க பெரிம்மாவுக்கு வேற வேல இல்லடா நைனா. சாக்ஸுதான் புடிக்குது. லூசா அனுப்பு."

அனுப்பினான். அடுத்ததும் இறுக்கிப் பிடித்தது, இன்னும் தளர்வாக அனுப்பினான். சொல்பேச்சுத் தட்டாத பிள்ளை. நீ மருத்துவரிடம் போகவே இல்லை. ஒரு விடியற்காலையில் மூச்சு முட்டி உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, இதயம் சோர்ந்து வெகுநாளாகிவிட்டது என்றார்கள். அன்றே போய்விட்டாய். அவனால் வர முடியவில்லை. விண்ணப்பம் பாதியில் இருந்ததாம். காரியம் முடிந்த பின் இந்தப் பொட்டலம் மட்டும் வந்தது. யாருக்காக மறைத்தாயோ, அவன் உன் முகத்தையும் பார்க்கவில்லை. எந்தத் தாள் கிடைத்து இதற்கு ஈடாகும்?

மாலையில் காலுறைகளைக் கழற்றிவிட்டு, உன் காலில் அழுத்திய அதே விரலால் என் காலை அழுத்திப் பார்க்கிறேன். தினமும் செய்கிறேன். இன்னும் குழி விழவில்லை. விழுந்தால், வா டாக்டரிடம் என்று சண்டை பிடிக்கப் பக்கத்து வீட்டில் யாருமில்லை.