ஐந்து பெட்டிக் கலியாணம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
18.11.2007

அன்பு மகள் கோணேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும் என்று கோணேசரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். டெலிபோன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். டெலிபோனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பார். இது அவர் கேட்கக்கூடாத கதை. கடைக்குச் சாமான் ஏற்றுகிற அஸீம் நாளைக்கு லொறியோடு கொழும்புக்குப் போகிறான், அங்கே தபாலில் போடுவான்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஆனால் நான் வியாபாரி. நல்ல சரக்கை எடுத்த எடுப்பில் மேசையில் வைக்கமாட்டேன். பொறு.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுகிறேன். கலியாண டிஸ்க் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் "அம்மா, வீடியோ எப்பிடி?" என்று கேட்டாய். "நல்லாயிருக்கு பிள்ளை, மேளம் நல்லாயிருக்கு, நீ வடிவாய் இருந்தாய்" என்று அம்மாவும் சொன்னார். அதெல்லாம் பொய். அவர் அதைப் பார்க்கவேயில்லை. டிஸ்க்குக்குக் கற்பூரம் காட்டி, சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். நான் கேட்டதற்கு, "பெத்தவள் நிக்காத கலியாணத்தைப் பெத்தவளே இருந்து படம் பாக்கிறதோ? டிக்கட் எடுத்தோ வாறது?" என்றார். கனடா விசா கிடைக்காத அன்றைக்குக்கூட அவர் அழவில்லை. உன் கலியாணத்துக்கென்று எடுத்த அரக்குப் பட்டுச்சேலையை மடிப்புக் குலையாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதோடு உன் அறைப்பக்கம் போவதையும் விட்டுவிட்டார். கூட்டுவதற்குக்கூட நான்தான் போனேன்.

டிஸ்க் பிள்ளையாருக்குப் பின்னால் போகுமுன்னமே நான் அதை உன் அறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு கொப்பி எடுத்துவிட்டேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒருநாள் தனியப் போட்டுப் பார்த்தேன். படம் வெள்ளிபோல் இருந்தது. சத்தம்தான் மோசம். நீ படிக்கிற காலத்தில் வாங்கித் தந்த அந்த இரண்டு குட்டி ஸ்பீக்கரிலும் மேளம் தகரத்தில் மழை பெய்வதுபோல் கேட்டது, ஐயரின் மந்திரம் தண்ணீருக்குள் இருந்து வந்தது. அம்மா ஒருநாள் மனம் மாறி வந்து, இந்தச் சத்தத்தில் ஒருதரம் பார்த்தால் மறுபடி பார்க்கமாட்டார். சரக்கை முதல்தரம் காட்டும்போதே சரியாகக் காட்டவேணும். இரண்டாம்தரம் காட்ட வாடிக்கையாளர் வரமாட்டார். பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்து டோர்ச் பற்றரி விற்ற காலத்திலேயே நான் படித்த பாடம் அது.

மருமகனின் சிநேகிதன் மண்டபத்தைச் சுற்றிவர மைக் வைத்துப் பதிந்தவன் என்று நீ சொல்லியிருந்தாய். அப்போ கேட்கவும் சுற்றிவரப் பெட்டி வேணும். முன்னுக்கு மூன்று, பின்னுக்கு இரண்டு, மேசைக்குக் கீழே பும் பும் என்கிற பெட்டி ஒன்று. என் கடையிலேயே ஒரு செட் நிற்கிறது, ஆள் உயரம். அட்டைப் பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருக்கிறது. அதை நம்புகிற ஆட்களுக்கு நான் அதை விற்கிறேன், நானே அதை நம்பி வீட்டுக்குக் கொண்டுவர ஏலுமோ? உன் அறையில் கட்டிலும் அலுமாரியும் கம்ப்யூட்டர் மேசையும் போக ஒரு கதிரைக்குத்தான் இடம். அந்த அறைக்கு அந்தச் செட்டைக் கொண்டுவந்தால் மேளம் கேட்காது, அலுமாரிக் கதவு அடிக்கிறதுதான் கேட்கும். சின்ன அறைக்குச் சின்னப் பெட்டி, ஆனால் தெளிவான பெட்டி வேணும்.

இன்னொரு காரியம் வயர். பின்பெட்டிக்குப் போகிற வயர் நிலத்தைக் குறுக்கறுத்துத்தான் போகவேணும். போன வருடம் ஆவணியில் துறைமுகத்துப் பக்கம் ஷெல் குண்டு விழத் தொடங்கி, கரண்டும் போய், அம்மா இருட்டில் ஓடும்போது மேசை ஃபேன் வயரில் கால் தடக்கி மணிக்கட்டு முறிந்தது உனக்குத் தெரியும். இருட்டில் எழும்பி ஓடவேண்டிய ஊரில் நிலத்தில் வயர் விடக்கூடாது. ஆகவே பின்பெட்டிக்கு வயர் இல்லாத செட்தான் என்று முடிவெடுத்தேன்.

கொழும்புக் கடையில் அப்படி மூன்று வகை இருந்தது. நான் போகவில்லை. பயணப் பாஸ் எடுத்து, லொட்ஜில் பொலிஸ் பதிவு போட்டு, இந்த வயதில் ஒரு ஸ்பீக்கருக்காக அதெல்லாம் ஏலாது. அஸீமைக் கடைக்கு நடுவில் கதிரை போட்டு இருத்தி, டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் போடச் சொன்னேன். முதலாவதற்கு, "அண்ணன், நல்ல சத்தம்" என்றான். வேண்டாம் என்றேன். இரண்டாவதற்கு, "இது இன்னும் நல்ல சத்தம் அண்ணன்" என்றான். அதுவும் வேண்டாம். மூன்றாவதற்குக் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணன், ஆரோ முதுகுக்குப் பின்னால வந்து நிக்கிற மாதிரி இரிக்கி. திரும்பிப் பாத்தன், ஒருத்தருமில்ல" என்றான். "அதைக் கட்டு" என்றேன்.

அவன் வருகிற வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பிடித்துவிட்டார்கள். வயர் இல்லாமல் சத்தம் அனுப்புகிற பெட்டி திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிறது என்றால் விடுவார்களா? எவ்வளவு தூரத்துக்கு அனுப்பும் என்று கேட்டார்களாம். அஸீம் வாயால் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கடை சீடி பிளேயரில் கொழுவி ஒரு சிங்களப் பைலாப் பாட்டைப் போட்டு, பின்பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்து எதிர்க்கடையில் கொழுவிக் காட்டியிருக்கிறான். ஒரு சத்தமும் வரவில்லை. "பாருங்க சேர், றோட்டையே கடக்காத சாமான், கடலை எங்க கடக்கப்போகுது?" என்றானாம். அவர்களில் பெரியவர் சிரித்துவிட்டார். பாட்டு முடியும்வரை லொறி நின்றதாம், அதற்குப் பிறகுதான் போகச் சொன்னார்களாம்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால், வயர் இல்லாத அந்தப் பின்பெட்டிக்கும் கரண்டுக்கு ஒரு வயர் தொங்குகிறது! சத்தம்தான் காற்றில் வரும், கரண்ட் காற்றில் வராது. எலெக்ட்ரிக் கடை நடத்துகிற எனக்கே இது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. நல்ல காலம், உன் கட்டில் தலைமாட்டுச் சுவரில் பிளக் பொயின்ட் இருந்தது. இரண்டு பெட்டியையும் அந்தச் சுவரிலேயே, கதிரையில் இருக்கிற ஆளின் காது உயரத்துக்குக் கொழுவி, வயரைக் கட்டிலுக்குப் பின்னால் இறக்கிவிட்டேன். நிலம் சுத்தம். பும் பெட்டியை மூலையில் வைத்தால் வீடு குமுறுகிறது, ஒரு முழம் இழுத்து வைத்ததும் அடங்கிவிட்டது.

இனி நான் செய்த மடைத்தனத்தைக் கேள். சோதித்துப் பார்க்க ஏதாவது போடவேணும். கடையில் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டுகிற இங்கிலீஷ் சண்டைப் பட டிஸ்க் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் அமைதி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். முதல் குண்டு முன்பக்கம் புறப்பட்டு, தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போய், பின்சுவரில் விழுந்து வெடித்தது. ஆகா, என்ன பெட்டி என்று நான் கைதட்டுகிறேன், வெளியே ஒழுங்கைச் சனம் முழுக்கப் படுத்துக் கிடக்கிறது! பக்கத்து வீட்டுச் சிவகுருநாதன் மாஸ்டர் சவர நுரையோடு கிணற்றுக்கட்டுக்குப் பின்னால். அவர் மனிசி புட்டுக்குழலோடு மேசைக்குக் கீழே. அம்மா குசினியிலிருந்து நடைக்கு ஓடிவந்து, காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

மாஸ்டர் வேலியால் எட்டிப் பார்த்து, "யோகலிங்கம், போற ஷெல்லும் வாற ஷெல்லும் எனக்குத் தெரியும் காணும். இது உம்மட வீட்டுக்குள்ள இருந்தெல்லோ வருது, இதென்ன புது வகை?" என்றார். அவரைச் சமாளித்துவிட்டேன். அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. "ஊருக்குள்ள இல்லாத ஷெல்லைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள விட்ட மனுசன் உலகத்தில நீங்கள் ஒராள்தான். நாளைக்கே அந்தப் பெட்டியளைத் திருப்பி அனுப்புங்கோ" என்றார். அதற்குப் பிறகு சோறு வந்தது, கதை வரவில்லை. நான் எதற்காக வாங்கினேன் என்று அவருக்குத் தெரியாது. சொன்னால் இன்னும் கோபம் கூடும்.

இரண்டு நாள் விட்டுப் பிடித்தேன். வேண்டாம் என்று நிற்கிற வாடிக்கையாளரிடம் சரக்கைப் புகழக்கூடாது பிள்ளை. பிழை பிடிக்க விடவேணும். பிழை பிடிக்க வருகிறவர் கடைக்குள் கால் வைத்தே ஆகவேணும். முன்னுக்கு இருந்த இடப்பெட்டி வயரைக் கழற்றி வலத்திலும், வலத்தை இடத்திலும் மாற்றிக் கொழுவினேன். பிறகு உன் கலியாணத்தை மெல்லிய சத்தத்தில் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, பேப்பர் படிக்கிறவன்போல் இருந்தேன்.

மேளம் தொடங்கியது. அம்மா குசினியிலிருந்து நடைவரை வந்தார், திரும்பிப் போனார். மறுபடி வந்தார். வாசலில் நின்றபடி, "என்னப்பா, மேளகாரர் இருக்கிறது இஞ்சால, சத்தம் வாறது அங்கால. உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றார். "எனக்கு எல்லாம் ஒரேமாதிரித்தான் கேக்குது" என்றேன். "செவிட்டுக் காதோ? இந்தப் பிள்ளையின்ர கலியாணத்தை இப்பிடி இடம்வலமாக்கி வைச்சிருக்கிறியள்" என்று உள்ளே வந்து, மேசைக்குப் பின்னால் கையை விட்டு வயரைத் தானே மாற்றினார். மாற்றியது சரியோ என்று பார்க்க நடுவில் நிற்கவேணும். நடுவில் கதிரை இருந்தது. அதில் இருந்துவிட்டார். நான் பேப்பரை இறக்கவேயில்லை.

படம் ஓடியது. நீ மணவறைக்கு வந்தாய். தாலி ஏறியது. கெட்டிமேளம் அந்தச் சின்ன அறைக்குள் நாலு பக்கமும் எழும்பியது. அம்மா கையைக் கூப்பியபடி இருந்தார். பெரியாட்கள் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்க வருகிற இடத்தில், பின்பக்கத்து வலப்பெட்டியில் உன் குணேஸ்வரிச் சின்னம்மாவின் குரல். அவள் படத்திலேயே இல்லை, மண்டபத்தில் எங்கேயோ பின்னுக்கு இருந்து ஆரிடமோ சொல்லுகிறாள்: "முதல் அறுகரிசி பூரணியக்கா போடவேண்டியது. எங்க நிக்கிறாவோ."

அம்மா வெடுக்கென்று பின்னால் திரும்பி, "நான் இஞ்சதான்டி நிக்கிறன்!" என்றார்.

அந்த இடத்தில் ஒரு சுவரும் ஒரு சின்னப் பெட்டியும்தான் இருந்தது. ஒருகணம் அதையே பார்த்தார். அழப்போகிறார் என்று நான் எழும்பினேன். அழவில்லை. என்னைப் பார்த்து, "நிப்பாட்டுங்கோ கலியாணத்தை" என்றார்.

நிப்பாட்டினேன். ஐயர் கையைத் தூக்கினபடி, நீ தலையைக் குனிந்தபடி, ரொறன்ரோ மண்டபம் முழுக்க எங்களுக்காகக் காத்து நின்றது. அம்மா முழுகினார். அலுமாரியைத் திறந்து அந்த அரக்குப் பட்டை எடுத்து உடுத்தார். எனக்கு வேட்டி சால்வை வந்தது. கிணற்றடியில் அறுகம்புல் பிடுங்கி, பச்சரிசியும் மஞ்சளும் சேர்த்துத் தட்டில் வைத்தார். வேலியில் நின்று, "மாஸ்டர், மகளின்ர கலியாணம், மனிசியையும் கூட்டிக்கொண்டு உடனே வாங்கோ" என்று கூப்பிட்டார். "ஷெல் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டுதான் அந்த மனுசன் வாசலைத் தாண்டினார். நாலு பேரும் நெருக்கியடித்து நின்றோம். தாலி ஏறுகிற இடத்துக்குப் படத்தைப் பின்னுக்கு எடுத்தேன். "இப்ப விடுங்கோ" என்றார் அம்மா.

விட்டேன். மேளம் எழும்பியது. சின்னம்மாவின் குரலுக்கு முன்னமே அம்மாவின் கை எழும்பிவிட்டது. முதல் அறுகரிசி உன் அம்மாவினுடையதுதான் மகள். கம்ப்யூட்டர் திரையில் உன் தலையில் பட்டுத் தெறித்தது. மாஸ்டர் போட்டார், அவர் மனிசி போட்டா. பிறகு அம்மா திரும்பி, பின்பெட்டிக்கும் ஒரு பிடி போட்டார், "இந்தா, உனக்கும்" என்று. பிறகு கதிரையில் இருந்து சிரித்தார் பார், மாஸ்டர் மனிசி தண்ணி கொண்டுவந்து கொடுக்கவேண்டிவந்தது.

என் வாழ்நாளில் எத்தனையோ சாமான் விற்றிருக்கிறேன். இப்படி ஒரு வியாபாரம் நான் செய்ததில்லை. அம்மா இப்போது பின்னேரங்களில் தானே போட்டுப் பார்க்கிறார். வாழ்த்துச் சொல்ல வருகிற ஆட்களுக்கு, "இஞ்ச இருங்கோ, இந்தக் கதிரையிலதான் எல்லாப் பக்கமும் கேக்கும்" என்று இடம் காட்டுகிறார். நேற்றுச் சோறு போடும்போது, "முப்பது வருசமாய் வயர் விக்கிற மனுசனுக்கு இடம்வலம் தெரியாமல் போச்சுதோ?" என்று கேட்டார். நான் ரசத்தைக் குடித்தேன். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு நீ வீடியோவைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவராகச் சொல்லட்டும். முதல்தரம் கேட்கிறவள்போல் கேள்.

வலப்பக்கத்துப் பின்பெட்டியின் வலைக்குள் இரண்டு மூன்று அரிசி விழுந்துவிட்டது. மேளம் உச்சத்துக்குப் போகும்போது சரசர என்கிறது. கடைக்கு இப்படி ஒரு பெட்டி வந்தால் பழுது என்று ஒதுக்கிவிடுவேன். இதை நான் திறக்கப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டுகிறதும் குறைக்கிறதுமாய் நின்றதில் என் கை சும்மா இருக்கவில்லை. எல்லாரும் போட்டுமுடிய, என் பங்கு தட்டிலேயே கிடந்தது. அம்மாவுக்கும் தெரியாது. அதைத்தான் பேப்பரில் மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வழியில் ஆரும் பிரித்துக் கேட்டால் அரிசி என்று சொல்ல அஸீமுக்குச் சொல்லியிருக்கிறேன். அறுகு காய்ந்துதான் வந்து சேரும், பரவாயில்லை. மருமகனைப் பக்கத்தில் இருத்தி, கிழக்கே பார்த்து, உங்கள் இரண்டு பேருடைய தலையிலும் நீயே போட்டுவிடு. போடும்போது அப்பா பின்னால் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

நூறு வருடம் வாழவேணும் இரண்டு பேரும்.

உன் அப்பா,
யோகலிங்கம்