பேரிக்காயும் இஞ்சியும் மட்டும்

சியோல்
மார்ச் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. இன்று காலை கம்பெனியில் ஆள் எடுக்கும் நாம் என்ற அம்மையார் போன் செய்து சொன்னார்; மாலையில் நியமனக் கடிதமும் வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். மூன்று மாதம் தகுதிகாண் காலம். என்னை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பதை ஜூன் முப்பதாம் தேதி சொல்வார்கள்.

என்ன வேலை என்று கேட்பாய். புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு மாதாமாதம் போவேன். மருத்துவர்கள் மருந்துக் கம்பெனிக்கு அனுப்பும் தகவலும் நோயாளியின் கோப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பேன். வார்டு நர்ஸ் வேலையை விட்டபின் இத்தனை நாள் நீ அனுப்பியதைத் தின்றே காலம் தள்ளினேன். இதுவும் போனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

உன்
யுன்-சே

*

நம்வோன்
ஏப்ரல் 9

கண்ணு யுன்-சே,

எழுதியதே நல்லது. நம் சாற்றுக் கடையில் கொதிகலன் பக்கத்தில் நின்று நின்று என் காதும் மந்தமாகிவிட்டது.

முடிதிருத்தும் கடை ஹ்வாங் வந்து, "உம் பொண்ணு டாக்டராயிட்டாளாமே?" என்று குத்தலாகக் கேட்டாள். "டாக்டரு எழுதுறதையே திருத்துறவடீ அவ" என்றேன். நான் சொன்னது சரிதானே?

புத்தாண்டுக்கு நீ வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெட்டியில் சாற்றைப் பிளாஸ்டிக் பொட்டலங்களில் அடைத்து வைத்திருக்கிறேன். காலையில் ஒரு பொட்டலம், மாலையில் ஒரு பொட்டலம், வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக் குடி. ஃபிரிட்ஜில் அடுக்கிவைத்துவிட்டு மறந்துபோகாதே. வியாழக்கிழமைதோறும் பெட்டி வரும். காலிப் பெட்டியைத் தூக்கி எறியாதே, நல்ல பெட்டி.

அம்மா

*

ஜோன்ஜு
மே 27

அம்மா,

இதை நான் சரிபார்க்க வரும் மருத்துவமனைக்கு எதிரே உள்ள கஞ்சிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோயாளிகளைப் பற்றி வெளியே எழுத எனக்கு அனுமதி இல்லை. நான் சொல்லப்போகும் நோயாளியின் பெயரை மட்டுமாவது எழுதாமல் விடுகிறேன்.

நுரையீரல் புற்றுநோய். பழைய மருந்துகள் எதுவும் பலிக்காமல் எங்கள் சோதனையில் சேர்ந்தவர். புது மருந்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. இன்று பார்த்தால் கல்லீரல் கெட்டுக்கிடக்கிறது. இரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் எல்லாம் எகிறியிருக்கின்றன. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் நோயாளிகளிடம் பேசக் கூடாது. ஆனால் நடைக்கூடத்தில் நின்ற என்னைப் பார்த்து அவரே வந்தார். "என்னம்மா, காத்தடிச்சா விழுந்துருவ போலிருக்கே. இதக் குடி" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் நம் கடையின் பெயர், நம் கடையின் போன் எண்.

ஒவ்வொரு முறையும் அவரிடம் வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றே சொல்லியிருக்கிறார். அது பொய் இல்லை. சாற்றை நம்மில் யார் மருந்து என்று சொல்கிறோம்? போன மாதம் அந்தப் பதிலைப் பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டவள் நான். அப்போது என் கைப்பையிலும் நீ அனுப்பிய பொட்டலம் ஒன்று இருந்தது.

அவருக்குக் கொடுத்ததில் என்ன போட்டாய்? உடனே எழுது. எனக்கு அனுப்பியதிலும் அதுதானா?

யுன்-சே

*

நம்வோன்
ஜூன் 1

யுன்-சே,

நீ பெயரை மறைத்தால் எனக்குத் தெரியாதா? டிராக்டர் பழுது பார்க்கும் பியோ அண்ணன்தான். ஜோன்ஜுவுக்கு வைத்தியத்துக்குப் போகிறவர் நம் தெருவில் வேறு யார்?

பேரிக்காயும் இஞ்சியும் மட்டும்தான் போட்டேன். கூட நாலு இலந்தைப் பழம். அது யாரையும் என்ன செய்யும்? உன் அப்பா போனபின் அந்தக் கொதிகலன்தான் உன்னைப் படிக்க வைத்தது. என் சாறு குடித்துக் கெட்டார் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் கடையை மூட வேண்டியதுதான். உன்னையும் சும்மா விடுவார்களா? வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது.

அவர் கொடுத்ததை நீ பார்க்கவில்லை. அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அம்மா

*

சியோல்
ஜூன் 8

அம்மா,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வரும் முன்பே, அன்று மாலையே, மருத்துவமனையில் எங்கள் சோதனையைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் தக் அக்காவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். மறுநாள் என் குழுத் தலைவரிடம், அதைக் காய்ச்சியவர் என் அம்மா என்றும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "வேற யாராவது கண்டுபிடிச்சிருக்கலாம்ல" என்றார். அந்த மருத்துவமனைக்கு இனி நான் போகக் கூடாது. மேசையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே யாரும் உட்காருவதில்லை.

ஆனால் உன்னிடம் கெஞ்சுவது அதற்காக இல்லை. அவருக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஈரலைக் கெடுத்தது எங்கள் மருந்து என்றால் இனி அதைக் கொடுக்கவே முடியாது. சாறுதான் என்று தெரிந்தால், ஈரல் தேறியதும் திரும்பத் தொடங்க வழி உண்டு. தெரியாவிட்டால் எங்கள் மருந்துதான் என்று வைத்துக்கொள்வார்கள். அதோடு அவர் கதை முடிந்தது. கட்டி காத்திருக்காது.

தக் அக்கா கடைக்குப் போன் செய்தாராம், நீ எடுக்கவில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. பேரிக்காய் ஈரலை இப்படிச் செய்யாது, அம்மா. அவர் உயிர் உன் வாயில் இருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டாம். தக் அக்காவிடம் சொல்.

யுன்-சே

*

சியோல்
ஜூன் 22, திங்கள்

அம்மா,

வெள்ளிக்கிழமை நீ ஜோன்ஜு மருத்துவமனைக்குப் போனாய். தக் அக்கா இன்று மதியம் போனில் சொன்னார்.

காலை முதல் பேருந்தில் வந்து, புறநோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாயாம். உன் முறை வந்ததும் துணிப்பையைப் பிரித்து, அவருடைய சாற்றில் போட்டதையெல்லாம் மருத்துவரின் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாயாம். பேரிக்காய், இஞ்சி, இலந்தை. கடைசியாக ஹசுவோ கிழங்கு.

நீ சொன்னதை தக் அக்கா அப்படியே சொன்னார்: "பழைய மருந்துல அவருக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு. தலையில முடி மொளைச்சிட்டா அந்த மனுஷனுக்குத் தைரியம் வந்துரும்னு அவரு பொண்டாட்டி அழுதா. அதான் போட்டேன்."

ஹசுவோ ஈரலைக் கெடுக்கக் கூடியது என்று மருத்துவர் சொன்னதும் நீ நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாயாம். யார் சொல்லியும் உட்காரவில்லையாம். போகும்போது, "எம் பொண்ணுக்கு அனுப்புனதுல இதப் போடல, அவகிட்ட சொல்லிருங்க" என்றாயாம். என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம்.

கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முடிதிருத்தும் கடை ஹ்வாங் அத்தையிடம் போனில் கேட்டேன். சனிக்கிழமையிலிருந்து கடை திறக்கவில்லை, உள்ளே விளக்கு மட்டும் எரிகிறது, கதவைத் தட்டினால், "இன்னிக்கு ஒண்ணும் காய்ச்சல" என்று குரல் வருகிறது என்றார். பியோ மாமாவின் மனைவி உன் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாராம். எதற்கு வந்தார் என்று ஹ்வாங் அத்தைக்கும் தெரியவில்லை.

அவருக்கு அடுத்த இரத்தப் பரிசோதனை வெள்ளிக்கிழமை. ஈரல் எண்கள் இறங்கியிருந்தால் மருந்தைத் திரும்பக் கொடுப்பதா என்று கம்பெனி அதற்கடுத்த வாரம் சொல்லும். என்னைப் பற்றிய முடிவு முப்பதாம் தேதி. ஆள் எடுக்கும் நாம் அம்மையார் என்னைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்.

உன் பெட்டிகளை எறியவில்லை. கதவோரம் அடுக்கியிருக்கிறேன். போன வியாழன் எதுவும் வரவில்லை. இந்த வாரம் காலிப் பெட்டியை அனுப்பினாலும் போதும், அம்மா. வியாழனன்று கூரியர்க்காரர் மாலை ஐந்து மணிக்கு வருவார். அன்று வேலையிலிருந்து நேரத்தோடே வந்து வீட்டில் இருப்பேன்.

யுன்-சே