ஆறு ஏக்கரில் பதினோரு பாகம்

பாப்பாரப்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மணிமேகலைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் பிரபாகரும் அண்ணி வெண்மதியும் நலம். நீயும் நலம் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவள் கொஞ்ச நாளாக ‘வேலைம்மா’ என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்கிறாய். நார்வேயில் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் வைக்கிறார்கள் என்பதை நம்பும் அளவுக்கு எனக்கு வயதாகிவிடவில்லை. மாமரங்கள் நன்றாகப் பூத்திருக்கின்றன, தத்துப்பூச்சிக்கு மருந்தும் அடித்தாயிற்று. இதைத் தபாலில் போட்டால் காய் பழுத்த பிறகுதான் உன் கைக்கு வரும், அதனால் வெண்மதி படம் பிடித்து அனுப்புகிறாள், கவரிலும் போடுகிறேன். கையெழுத்தைப் படிக்க மறந்துபோகக் கூடாது பார்.

முதலில் இங்கே நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் உன் அத்தை நஞ்சம்மாள் வந்திருந்தார்கள், புளி கொட்டை எடுத்துக் கொடுக்க. அப்போது பிரபாகர் உள்ளறையில் போனில் யாரோ நண்பனிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் பின்பக்கம் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. அத்தைக்குக் கேட்டது. வெளியே வந்த அத்தையின் முகமே மாறிப்போயிருந்தது. “ஏம்மா நிர்மலா, நீ உசுரோட இருக்கும்போதே உம்புள்ளைங்க பாகம் போட்டுட்டாங்களே. மூணாம் பாகத்தை யாருக்கும் வுட்டுக் குடுக்க மாட்டானாம், அஞ்சாம் பாகம் ஒண்ணுத்துக்கும் ஆவாதாம், வேணும்னா மணியே வச்சிக்கட்டும்ங்கறான். மொத்தம் பதினோரு பாகமாம்” என்றார்கள். இருப்பது ஆறு ஏக்கர், பிள்ளைகள் இரண்டு பேர், இதில் பதினோரு பாகம் எங்கிருந்து வரும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கணக்கில் நான் எப்போதும் முதல் மாணவி. ஆனால் பாகம் என்ற சொல் காதில் விழுந்ததும் புத்தி வேலை செய்யவில்லை. அவனைக் கேட்கவும் என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நீ கூப்பிடாமல் இருப்பதும் இதனால்தான் என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன், அப்பா போன பிறகு பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் பேசி முடித்துவிட்டார்கள், நல்லதை அண்ணன் எடுத்துக்கொண்டு கரட்டு நிலத்தை உனக்குத் தள்ளிவிட்டான் என்று. அத்தை அதற்குள் பென்னாகரம் வரை செய்தியைக் கொண்டுபோய்விட்டு, பிறந்த வீட்டுப் பெண்ணான தனக்கும் கிணற்று மேட்டில் ஒரு பாகம் எழுத வேண்டும் என்று சொல்லியனுப்பிய பிறகுதான், சாப்பிடும்போது அவனிடம் நேராகவே கேட்டேன், மூணாம் பாகத்தில் கிணறு சேர்ந்ததா இல்லையா என்று. எந்தக் கிணறு என்றான். வெண்மதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அப்படித்தான் ‘லாந்தர் ரோடு’ என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருப்பதும், அது முப்பது வருடமாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருப்பதும், அதில் எது உயர்ந்தது என்று படித்தவர்களெல்லாம் கூடி அடித்துக்கொள்வதும் எனக்குத் தெரியவந்தது. நீயும் அண்ணனும் ஒரே ரசிகர் குழுவில் இருந்தீர்களாம். ஐந்தாம் பாகம் பிடித்தவர்கள் விளையாட வராமல் காய் நறுக்கப் போகலாம் என்று எல்லோரும் பார்க்க அவன் உனக்கு எழுதினானாம், நீ குழுவை விட்டும் போனாய், கூப்பிடுவதையும் விட்டாய். வெண்மதிதான் சொன்னாள். அவன் எழுதியதை நானே கண்ணாடி போட்டுப் படித்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் காய் நறுக்குவது அவன்தான். பீன்ஸ் இன்னும் ஒரே அளவாக வரவில்லை, வரும்.

நிலத்தைப் பிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், அப்படி இருக்கவில்லை. நிலம் பிரிந்தால் நடுவில் ஒரு வரப்பு வரும், அவ்வளவுதான், வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். நீங்கள் இருவரும் பேசாமல் போனால் நான் எந்த வரப்பில் உட்காருவது? அதனால் இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவதென்று, அவனைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். மூன்றாவதைக் கொஞ்சம் பார்த்தேன். நாலு நண்பர்கள், ஒரு ராஜா, எந்நேரமும் கத்தி. பாட்டு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு உன் ஐந்தாவது. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு பெண் தனியாக வருகிறாள், பெருக்குகிறாள், தக்காளி நடுகிறாள், சந்தைக்குப் போகிறாள். உச்சி வெயிலில் தண்ணீர் விடுகிறாள், அதை யாராவது அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதிப் போடக் கூடாதா? மற்றபடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று புரியவில்லை மணி. இங்கே இருந்தவரை நீ தோட்டத்துப் பக்கம் கால் வைத்ததில்லை, அங்கே போய் ஏன் திரையில் தக்காளி நடுகிறாய்? ஊர் நினைப்பு என்கிறாள் வெண்மதி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் வரப்பு கோணலாக இருக்கிறது, கை கழுவினாயா, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க ஆள் இல்லை, அதுதானோ என்று நினைத்துக்கொண்டேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த வீட்டைத் தாண்டினால் ஒரு ஆறு வருகிறது, ஒகேனக்கல் பரிசல் மாதிரியே வட்டமாக ஒரு படகு, அதில் ஒருவன். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்கிறான், பதிலாகத் தேர்ந்தெடுக்க மூன்று வரி வருகிறது, எதைச் சொன்னாலும் தலையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறான். இதற்கு மேல் எப்படிப் போவது என்று கேட்டால் பிரபாகர் பீன்ஸ் நறுக்க வேண்டும் என்று எழுந்திருக்கப் பார்க்கிறான். கடைசியில், “அதுக்கு மேல நான் போனதில்லம்மா” என்றான். கான்வென்டில் எங்கள் சிஸ்டர், புத்தகத்தை முழுதாகப் படிக்காமல் கருத்துச் சொன்னால் பெஞ்சின் மேல் நிற்கவைப்பார்கள். நாற்பது வயது ஆளை நான் எந்தப் பெஞ்சில் நிற்கவைக்க முடியும்? ஆற்றைத் தாண்டத் தெரியாமல்தான் அதைக் குப்பை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். உன்னிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். கேட்க மாட்டான், அவன் என் பிள்ளை.

எனக்கு ஆற்றைக் கடந்தாக வேண்டும். இந்த ஞாயிறு கூப்பிடு. அண்ணனிடம் நீ ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, வழியை என்னிடம் சொன்னால் போதும். எனக்குக் கை ஓடாது என்பதால் பொத்தான் அழுத்த அவன் பக்கத்தில் இருப்பான். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை டீ குடித்த கையோடு போடாதே. பனியில் நடக்கும்போது போனைப் பார்க்காதே. அத்தையிடம் பதினோராம் பாகம் அவர்களுக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன், ஆகையால் அவர்களும் சந்தோஷமாக இருக்கிறார்கள். உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

பரிசல்காரனிடம் சொல்ல வேண்டிய பதிலுக்காகக் கரையில் நிற்கும்,
உன் அம்மா
நிர்மலாதேவி