பஞ்சுக் கிடங்குக்குப் பிறகு

மதினி,

இன்று காலை எங்கள் சந்தில் மெத்தைக்குப் பஞ்சு அடிக்க ஒருவர் வந்திருந்தார். பஞ்சுத்தூசியின் மணம் ஜன்னல் வழியே வந்ததும், அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மணத்துக்கு உடம்புதான் முதலில் பதில் சொல்கிறது; மனசு பிறகு மெல்ல வந்து சேர்கிறது. உலையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அசதியாக இருக்கிறது. உங்களோடு பேசினால் தேவலை போலிருந்தது.

புருஷன் செத்து, சமயநல்லூரிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நீங்கள் வேலை பார்த்த மில்லிலேயே, நூல் சுற்றும் பிரிவில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள். சங்கு ஊதினால் சேர்ந்தே போவோம், சேர்ந்தே திரும்புவோம். உங்களுக்குக் காய்ச்சல் கண்டு நான் தனியாகப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. கழிவுப் பஞ்சைக் கிடங்கில் போட்டுவிட்டு வரச்சொன்ன மேஸ்திரி, பின்னாலேயே வந்து கதவை அடைத்தான். என்னைப் பலவந்தம் செய்தான். ஊர் பாஷையில் இதற்கு ‘அவள் கெட்டுப்போனாள்’ என்று பெயர். செய்தவன் அந்தப் பேச்சிலேயே இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன், மறுபடியும் குளித்தேன். நீங்கள் காய்ச்சலோடு எழுந்து வந்து, ஈரத்தோடு நின்ற என்மேல் உங்கள் சேலையைப் போர்த்தினீர்கள். என்ன, ஏது என்று துருவவில்லை. “சொல்லணும்னா சொல்லு. சொல்லாட்டியும் இந்த வீட்ல உனக்குச் சோறு உண்டு” என்றீர்கள். இரண்டு நாள் கழித்து நானே சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: நான் ஏன் கத்தவில்லை?

“பயத்துல நாக்கு ஒட்டிக்கிரும்த்தா. ஒட்டிக்கிட்ட நாக்கு சரின்னு சொன்னதா ஆகிருமா?”

அண்ணனுக்குத் தெரிந்தபோது, அவர் என் முகம் பார்க்காமல், என்னை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். வெளியே தெரிந்தால் தலைநிமிர்ந்து நடக்க முடியாதாம். நீங்கள் சத்தம் போடவில்லை. “தல குனிய வேண்டியவன் மில்லுல மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிறான். இவ எதுக்கு ஊரவிட்டுப் போகணும்?” என்று மட்டும் கேட்டீர்கள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு என்னை அனுப்பும் பேச்சு எழவில்லை.

பிறகு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள். அந்த அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, “தொட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. என் உடம்பைத் தொட என்னிடம் கேட்க வேண்டும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். நீங்கள் கூடவே நின்றீர்கள்.

மில்லில் மற்ற பெண்களிடம் சொல்வதற்கும் என்னிடம் கேட்டீர்கள். பேர் வேண்டாம் என்றேன். பேர் சொல்லாமலே பேசினீர்கள். அதற்கே இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு, தங்களுக்கும் அந்தக் கிடங்கு தெரியும் என்றார்களாம். ஒரு காலையில் எங்கள் பிரிவில் ஒருத்தியும் நூலைத் தொடவில்லை. நான் கடைசி வரிசையில் நின்றேன். மேனேஜர் வந்து கத்திப் பார்த்தார். அந்த ஆள் இருக்கிற இடத்தில் வேலை செய்ய மாட்டோம் என்று நீங்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். மத்தியானத்துக்குள் அவனை வெளியே அனுப்பினார்கள்.

தண்டனை என்று ஒன்றும் இல்லை. வேறொரு மில்லில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். அங்கேயும் நூல் சுற்றும் பெண்கள் இருப்பார்களே என்று நீங்கள் சாப்பிடாமல் படுத்திருந்தீர்கள். ஜெயித்த வீடு மாதிரியே இல்லை, நம் வீடு.

வருஷங்கள் போனபின் ஒருநாள், இது எப்போது என்னைவிட்டுப் போகும் என்று கேட்டேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. “போகாதுத்தா. தூக்கிக்கிட்டு நடக்கக் கை பலப்படும், அம்புட்டுதான்.” அப்படித்தான் ஆயிற்று. சில நாள் கனக்கிறது. பல நாள் அது இருப்பதே தெரியாமல் வேலை பார்க்கிறேன், சிரிக்கவும் செய்கிறேன்.

போன ஐப்பசியில் நீங்கள் கண்ணை மூடியபோது, எனக்கு முகம் தெரியாத பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவுக இல்லாட்டி நான் வைகையில விழுந்திருப்பேன்” என்றாள்.  என்ன, ஏது என்று நானும் துருவவில்லை. இவர்களைப் பற்றி என்னிடம்கூட நீங்கள் வாய் திறந்ததில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது. எதைக் கேட்கக் கூடாது, எப்போது அருகில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது, மதினி? உங்களுக்கும் அப்படி ஒரு கிடங்கு இருந்திருந்தால், அப்போது உங்களுக்கு யார் இருந்தார்கள்?