ராத்தாவின் ரியால்

செவ்வாய்க்கிழமை, இரவு

உறக்கம் வரவில்லை. கட்டாரில் வேலை செய்யும் மச்சான், படகு எஞ்சினுக்கென்று சேர்த்த ரியாலை அனுப்பட்டுமா என்று தன் மனைவியிடம், என் மூத்த சகோதரி ராத்தாவிடம், கேட்டிருந்தார். பொறுக்கச் சொன்னவள் நான்தான். அரசாங்கம் காசு அச்சடிக்கிறது, ரூபா இன்னும் விழும் என்று பொருளியல் வகுப்பில் நான் படிப்பிப்பதையே சொன்னேன். ரூபா ஏறிவிட்டது; அதே ரியாலுக்கு இப்போது குறைந்த ரூபாதான் கிடைக்கும். எஞ்சின் விலை இறங்கவில்லை.

இன்று ராத்தா கண்டக்குழியிலிருந்து வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன்.

"இன்னும் அனுப்பாமத்தான் வெச்சிருக்கார். இனி என்ன செய்யச் சொல்ற?"

"எனக்குத் தெரியா, ராத்தா."

"அப்ப புள்ளைகளுக்கு என்னத்தப் படிப்பிக்கிற?"

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நாளைக்கு முதலாவது பாடம் பண நிரம்பலும் விலைவாசியும். பாடக்குறிப்பில் 'புழக்கத்தில் காசு கூடினால் அதன் மதிப்பு எப்போதும் விழும்' என்றிருந்த வரியில் 'எப்போதும்' என்ற சொல்லை வெட்டினேன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.