தூங்குகிற பிள்ளை

அக்கா,

போன வாரம் உன் வீட்டுச் சுவரில் இருந்த அந்தப் பழைய படத்தைக் கழற்றினேன். பின்பக்கத்து அட்டையைப் பிரித்ததும் ஒரு வாடை வந்தது. கற்பூரப் புகையும் ஈரமும் கரப்பான் எச்சமும் கலந்த வாடை. தும்மினேன். "நூறு, நூறு" என்று நீ சொல்வாயே, அதற்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் நினைவு வந்தது.

உனக்குக் கடைசியில் காதும் கேட்காமல் போயிருந்தது. உன் மகள் வாங்கிக் கொடுத்த காது மிஷினை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, "குப்பு பேசுறத கேக்கிறதுக்கா இவ்வளவு காசு?" என்று என்னைக் கிண்டல் செய்தாய். அதனால் இதைப் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான்.

அந்தப் படம் உனக்கு மனப்பாடம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அப்பா, யாருடைய கோட்டோ தெரியவில்லை, தோளில் தொங்குகிறது. பக்கத்தில் இரட்டைச் சடையோடு நீ. அம்மா மடியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைக்குழந்தை. அது நான். கிள்ளான் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. எனக்கு நினைவு தெரியுமுன்னே அம்மா போய்விட்டாள். அவளோடு நான் இருக்கிற ஒரே படம் அதுதான்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எவனோ என்னை அம்மா இல்லாதவன் என்று சொல்ல, நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ என்னைத் தரதரவென்று இழுத்துப்போய் படத்துக்கு முன்னால் நிறுத்தினாய்.

"யாருடா சொன்னது? இங்க பாரு, அம்மா மடியில யாரு? நீதான். எப்படித் தூங்குற பாரு. காலுல வெள்ளித் தண்டை வேற."

அந்தத் தண்டையை வைத்து எத்தனை சண்டை போட்டிருப்போம்! "எங்க என் தண்டை? அடகு வெச்சுத் தின்னுட்டீங்களா?" என்று நான் கேட்பேன். "உன்னையே தவிட்டுக்குத்தான்டா வாங்குனோம், உனக்குத் தண்டை ஒரு கேடா" என்பாய். "அப்போ உன்னை எதுக்கு வாங்குனாங்க, புண்ணாக்குக்கா?" என்று நான் ஓடுவேன். நரைத்த பிறகும் இதே பேச்சுதான். ஒன்றில் மட்டும் நீ எனக்குப் பதில் சொன்னதே இல்லை. படத்தில் உன் முகம் மட்டும் ஆடி மங்கியிருக்கும். "சும்மா நிக்கத் தெரியல, படத்தையே கெடுத்துட்ட" என்று நான் சொல்லும்போதெல்லாம் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாய்.

நீ போன பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்தவன், உன் வீட்டுப் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நீ இருந்த பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு படக்கடைக்குப் போனேன். கடைக்காரி நடுத்தர வயசு. படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள்.

"பெருசாக்கினா கீறல் எல்லாம் தெரியும் அங்கிள். கிளீன் பண்ணித் தரேன் லா."

"என் மூஞ்சியையும் சேத்து கிளீன் பண்ணு தங்கச்சி. இத்தன வருசமா யாராலயும் முடியல."

சிரித்துக்கொண்டே படத்தை மேலிருந்து கீழே நகர்த்தினாள். அப்பாவின் கோட்டு, அம்மாவின் கை, பிள்ளையின் கால். அங்கே நிறுத்தினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்கிள், இது என்னா?"

"தண்டை. வெள்ளி."

"இல்ல அங்கிள். துணி. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்காங்க."

எத்தனை சாவு வீட்டில் வெள்ளைத் துணியை நானே கிழித்துக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் உன் கால் கட்டைவிரல்களை இந்தக் கையால்தான் கட்டினேன். முடிச்சு அந்தத் திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. கடைக்காரி நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். தண்ணீர் கொடுத்தாள்.

உன் மகளுக்குப் போன் போட்டேன். பங்சார் ஆபீசிலிருந்து வந்தவள் திரையைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப சொன்னாங்க மாமா. மாமாகிட்ட மூச்சு விடாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"யாரு அது?"

"உங்களுக்கு முன்ன பொறந்தவரு. காய்ச்சல்ல போயிட்டாரு. பிள்ளைக்கு ஒரு படங்கூட எடுக்கலயேன்னு பாட்டி ஒத்தக் காலுல நின்னாங்களாம். கிள்ளானுக்கு பஸ்ஸுலதான் போகணும். பொணத்த ஏத்த மாட்டான்ல? துண்டால சுத்தி மடியில போட்டுக்கிட்டு, யாராச்சும் கேட்டா 'தம்பி தூங்குது'ன்னு சொல்லுன்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்காங்க." உன் மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பஸ்ஸுல ஒரு சீனத்தி கன்னத்தக் கிள்ள வந்தாளாம். அம்மா கைய மறிச்சுட்டு, 'தூங்குது, தூங்குது'ன்னாங்களாம்."

அப்போது உனக்கு என்ன வயசு அக்கா? பால் பல் எல்லாம் விழுந்து முடிந்திருக்குமா?

ஸ்டூடியோவில் துண்டு விலகியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும், சரிசெய்ய ஒருவருக்கும் கை வரவில்லை. அசையாமல் இரு என்று படக்காரன் சொல்லியிருப்பான். அசையாமல் இருந்தது அவன் ஒருவன்தான். உன் முகம் ஏன் மங்கியது என்று இனி நான் உன்னைக் கேட்க மாட்டேன்.

தவிட்டுக் கதையும் நிஜமாம். முதல் ஆண்பிள்ளை தங்காததால், நான் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி, குப்புசாமி என்று பெயர் வைத்து, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் விட்டுவிடுவானாம். முறத்தில் தவிட்டைச் சுமந்துகொண்டு போனது நீ. என் வாழ்க்கையில் நீ கேலியாகச் சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது. படத்தைத் தொட்டுச் சத்தியமாகச் சொன்னதுதான் நடக்கவில்லை. பலே ஆள் நீ. இந்த வயசில் என்னை ஏமாற்றிவிட்டு, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் செய்துவிட்டாய்.

கடைக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், வேணும்னா அந்தத் துணிய எடுத்துடலாம். கண்ணக்கூட தொறந்து வெச்சுடலாம், இப்ப கம்ப்யூட்டரே எல்லாம் செய்யுது. உங்க சின்ன வயசு படம் ஏதாச்சும் இருந்தா குடுங்க, அந்த முகத்தையே வெச்சித் தரேன். யாருக்கும் தெரியாது."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லக் கூடாது. அம்மா மடியில் நான், கண்ணைத் திறந்துகொண்டு. கூடத்தில் மாட்டி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டலாம். செத்த பிறகு பேப்பரில் வருகிற என் மரண அறிவிப்பிலும் அதையே போடச் சொல்லலாம். உன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செய்யச் சொல்லுங்க மாமா. அம்மா ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

"ஒன்னையும் தொடாத தங்கச்சி" என்றேன். "அப்படியே போடு. அவன் ஒருத்தனுக்காக எடுத்த படம் இது. அவன் எடத்துல நான்தான் இவ்வளவு நாளா உக்காந்திருந்தேன். எறங்கிக்கிறேன்."

இன்று காலை உன் முப்பதாம் நாள் படையல். நண்டுப் பிரட்டல் நன்றாக அமைந்தது, நீ செய்வதைவிட நன்றாக. கோபப்படாதே. உன் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படத்தையும் வைத்தோம். இலையில் அவனுக்கென்று எதை வைப்பது என்று தெரியாமல் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தேன்.

உன் மகள் கற்பூரம் ஏற்றி, போனவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கும்பிட்டாள். தாத்தா பெயர், பாட்டி பெயர், உன் பெயர். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இவரு பேரு என்னா மாமா?"

"உன்கிட்ட அவ சொல்லலயா?"

"நான் கேக்கல மாமா. அழுதுட்டே இருந்தாங்க."

அப்பா என்றைக்கோ போய்விட்டார். தோட்டம் இருந்த இடத்தில் அடுக்கடுக்காய் வீடுகள். அவனைப் புதைத்த இடத்தின் மேல் யார் கார் நிற்கிறதோ. காதில் என்ன பெயர் சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்த கடைசி ஆள் நீ. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் அங்கே வரும்போது முதல் வேலையாக அதைச் சொல்லிவிடு.

பாசாரில் மீன் வெட்டுகிறவன், டாக்சிக்காரன், என் மகனைவிடச் சின்னப் பையன்கள், எல்லோரையும் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டியவன் நான். கற்பூரம் அணையப் போகிற நேரத்தில், முழங்கால் வலிக்க வலிக்கக் குனிந்து, பல் முளைக்காத அந்த வாய்க்கு எதிரே கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"பசியாறுங்கண்ணே."